பழவேற்காடு: தடையும் இருக்கு, படகும் ஓடுது

ஐப்பசி பொறந்தா போதும், அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க போட்டோவா அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. மலை, ஏரி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்புமா மரங்க, நடுவுல ஒரு கார், காருக்கு முன்னாடி ஜெர்க்கின் போட்ட நாலு பேர். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர்னு ஊர் பேர் மாறும், ஜெர்க்கின் மாறாது :-)

நமக்கு அந்த சீசன் கிடையாது. 'இலையுதிர் காலம்'னு அழகா ஒரு வார்த்தை வச்சிருக்கோமே தவிர, நம்மூர் மரங்க இலையைக் கொட்டறது மாசி, பங்குனியில. ஐப்பசியும் கார்த்திகையும் பழைய கணக்குல கூதிர் காலம். மழை, வாடை, சேறு. இந்தக் காலத்துல வண்டி எடுத்துட்டு ஊர் சுத்தப் போறவன் ஒண்ணு பேச்சிலரா இருக்கணும், இல்லை வெளிநாட்டுலேர்ந்து லீவுல வந்தவனா இருக்கணும். எங்க குரூப்புல ரெண்டு வகையும் உண்டு. பாஸ்டன்லேர்ந்து வந்த நண்பன், "மலையும் வேணும் ஏரியும் வேணும், ஒரே நாள்ல வேணும்"னு நின்னான். ரெண்டு கார், எட்டு பேர், அதுல ரெண்டு வாண்டுங்க.

சென்னைக்கு வடக்கே அது முடியற காரியம்தான். கல்கத்தா ஹைவேயில தடா வரைக்கும் போனா இடது பக்கம் மலை, வலது பக்கம் ஏரி. தடா அருவின்னு நாம சொல்றது ஆந்திராக்காரங்களுக்கு உப்பலமடுகு. மழைக்காலத்துல அங்க தண்ணி திடீர்னு ஏறும்கறதால கேட்டை மூடிடுவாங்க. மூடித்தான் இருந்தது. மேகம் இறங்கின மலையைக் கீழேர்ந்தே பாத்துட்டு சூலூர்ப்பேட்டைக்கு விட்டோம். அங்கேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போற ரோடு ஏரியைக் குறுக்கால வெட்டிட்டுப் போகுது. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணி, முழங்கால் ஆழம்கூட இருக்காது. தூரத்துல வெள்ளையா ஒரு கோடு, உத்துப் பாத்தா அத்தனையும் பூநாரை. பாஸ்டன்காரன் பத்து நிமிஷம் வாயே திறக்கலை. அவனைத் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

சரி, மேட்டருக்கு வரேன். பயணக் கட்டுரை எழுத இந்தப் பதிவு இல்லை. அங்கேர்ந்து திரும்பி, தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி வழியா பழவேற்காட்டுக்கு மதியம் வந்து சேந்தோமே, அங்க கரையில நடந்த ஒரு அரைமணி நேரப் பேச்சுதான் மேட்டர்.

முதல்ல இடத்தைப் பத்தி ரெண்டு வரி. ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவுல பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் மட்டும் நம்ம பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணி கொண்டாந்து கொட்டும், கடல் தண்ணி முகத்துவாரம் வழியா உள்ள வரும். ரெண்டும் கலக்கறதாலதான் இறால், நண்டு, மடவை எல்லாம். டச்சுக்காரங்க 1609ல வந்து உக்காந்து, 1613ல கெல்ட்ரியான்னு கோட்டை கட்டி, 1690 வரைக்கும் சோழமண்டலக் கரைக்கே இதைத் தலைநகரா வச்சிருந்தாங்க. மலேசியாவுல லுங்கிக்கு 'காயின் பெலேகாட்'னு பேர், அந்த பெலேகாட் நம்ம பழவேற்காடுதான். இங்கேர்ந்து துணி மட்டுமா கப்பல்ல போச்சு, மனுசங்களையும் அடிமையா பட்டேவியாவுக்கு ஏத்தினாங்க. டச்சுக் கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வச்சிருப்பாங்க, போனா அவசியம் பாருங்க.

கரையில நாங்க இறங்கினதும் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். "போட்டு வேணுமா சார்? பறவ பாக்கலாம், முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாம்." எட்டு பேருக்கு ரெண்டாயிரம்னு ஆரம்பிச்சு ஆயிரத்து ஐநூறுக்கு வந்தார். படகு சவாரிக்குத் தடைன்னு போர்டு பத்தடி தள்ளி நிக்குது. அதுக்குக் கீழ ஒரு நாய் தூங்குது.

"யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம் சார்" என்றார்.

பாஸ்டன்காரன் கால்சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டான். வாண்டுங்க ஏற்கெனவே தண்ணியில. நான் லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேட்டேன்.

"இருக்கு சார். வூட்ல இருக்கு."

"எடுத்துட்டு வாங்களேன், வெயிட் பண்றோம்."

அவர் கொஞ்சம் தயங்கி சொன்னது இதுதான்: "அத்த போட்டா தூரத்துலயே டூரிஸ்ட்டுன்னு தெரிஞ்சிடும் சார். அப்பால என் போட்ட புடிச்சிக்குவாங்க."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். தடைன்னு ஒண்ணு போட்டோம். எதுக்கு? ஜனங்க முழுகக் கூடாதுன்னு. அந்தத் தடையே இப்ப படகுலேர்ந்து லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி வீட்டுல வைக்க வச்சிருக்கு. ஆரஞ்சுக் கலர் ஜாக்கெட்தான் குத்தத்துக்கு சாட்சி! இதைவிட மோசமான ஒரு ஏற்பாட்டை உக்காந்து யோசிச்சாலும் கண்டுபிடிக்க முடியாது.

தடை சும்மா வந்ததில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே ஏரியில உல்லாசப் பயணம் வந்தவங்க போன படகு கவுந்து 22 பேர் செத்தாங்க. பெண்களும் குழந்தைகளும் அதுல நிறைய. அளவுக்கு மீறி ஆள் ஏத்தினது, லைஃப் ஜாக்கெட் இல்லாதது, ரெண்டும்தான் அப்ப பேசப்பட்ட காரணங்கள். அதுக்கப்புறம் படகு சவாரிக்குத் தடை. அந்தச் செய்தியைப் படிச்ச யாருக்கும் தடை தப்புன்னு சொல்ல வாய் வராது, எனக்கும் வரலை. அந்த நேரத்துல அது சரி. ஆனா பத்து வருஷத்துக்கு மேல ஆகியும், அந்த ரெண்டு காரணமும் அப்படியே இருக்கு, தடை மட்டும் மேல ஒட்டின போஸ்டர் மாதிரி தொங்கிட்டு இருக்கு. லீவு நாள்ல போய்ப் பாருங்க. படகு ஓடுது.

"ஏரி இடுப்பளவுதானே, முழுகினா எழுந்து நின்னுக்கலாம்"னு எங்க குரூப்புலயே ஒருத்தர் சொன்னார். ஏரியோட சராசரி ஆழம் ஒரு மீட்டர்னு சொல்றது உண்மைதான். ஆனா சராசரியில யாரும் முழுகறதில்லை. முகத்துவாரத்துக்கிட்ட கதையே வேற. மழைக்காலத்துல மேலேர்ந்து வர்ற தண்ணி அந்த வாய் வழியா கடலுக்குப் போகும். வடியற நேரத்துல இழுப்பு இருக்கும், எதிர்ல கடல் அலை வரும், ரெண்டும் மோதற இடத்துல மணல் திட்டு இன்னிக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம். அங்க தினம் வலை போடறவங்களுக்கு அது அத்துப்படி. பின்னாடி உக்காந்து செல்ஃபி எடுக்கறவங்களுக்கு? எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சா முடிஞ்சது. ஆழம் குறைஞ்ச இடத்துலயும் அடியில சேறு, நின்னா கால் உள்ள போகும், பேண்ட் போட்டவன் கால் இன்னும் சீக்கிரம் போகும்.

நாங்க ஏறலை. பாஸ்டன்காரனுக்கும் எனக்கும் அந்த அரைமணி நேரமும் இதான் பேச்சு. அவன் சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சுங்கறதையும் எழுதணும். "நீ ஏறாம போனா இந்த ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு நஷ்டம், அவ்ளோதான். அடுத்த கார்ல வர்றவன் ஏறுவான். உன் மனசு சுத்தமாச்சு, ஊர்ல என்ன மாறிச்சு?" என்றான். அதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. குழந்தைங்களைக் கையில புடிச்சுக்கிட்டு நான் ஏறலைன்னு மட்டும் சொன்னேன். பதிலை வீட்டுக்கு வந்து யோசிச்சேன், அதான் இந்தப் பதிவு.

அந்தப் பெரியவர் கோவிச்சுக்கலை. வேற சவாரி வரலைங்கறதால எங்களோடயே நின்னு பேசினார். அவரோட தொழில் சவாரி இல்லை, மீன். பாடு கம்மியான நாள்ல சவாரி. இப்ப கம்மியான நாள்தான் ஜாஸ்தி என்றார். முகத்துவாரம் மண்ணு மூடிக்கும்போது கடல் தண்ணி உள்ள வராது, இறால் குஞ்சு வராது, போட்டை வெளிய எடுக்கவும் முடியாது. முன்னெல்லாம் ஊரே காசு போட்டு, மம்முட்டி எடுத்துட்டுப் போய் வெட்டி விடுவாங்களாம். பிறகு அரசாங்கம் கல் கொட்டி முகத்துவாரத்தை நிலைநிறுத்தற வேலையை எடுத்தது. தெற்கே எண்ணூர்லேர்ந்து ஆரம்பிச்சு அனல் மின் நிலையம், துறைமுகம்னு வரிசையா இருக்கு. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018ல அதானி கைக்குப் போச்சு, அதைப் பல மடங்கு பெரிசாக்கற திட்டத்துக்கு 2021லயும் 2023லயும் அறிவிச்ச கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளி வைக்கப்பட்டுச்சு. மீனவ கிராமங்கள் எதிர்க்கறாங்க, கரை அரிச்சு ஏரியே கடலோட சேந்துடும்ங்கறது அவங்க பயம். இதுக்கு நடுவுல ராக்கெட் விடற நாள்ல கடலுக்குப் போகக் கூடாது. நாம டிவியில கைதட்டற நாள் அவங்களுக்கு லீவு நாள், சம்பளம் இல்லாத லீவு.

இப்படி ஒரு ஊர்ல, கார்ல வந்து இறங்கறவன் ஆயிரத்து ஐநூறு நீட்டினா வாணாம்னு சொல்ல எத்தனை பேரால முடியும்? சவாரிக்காரரைப் புடிச்சு வழக்குப் போடறது சுலபம். பணத்தை நீட்டற நம்மளை யாரும் புடிக்கறதில்லை.

என்னோட கருத்து இது: சவாரியைத் திறந்து விடுங்க. ஆனா ஊர்க்காரங்க கையில குடுத்து, கணக்கு வச்சு, ஜாக்கெட் போட்டு.

உடனே "அரசாங்கம் டிக்கெட் குடுத்தா எல்லாம் சரியாயிடுமா"ன்னு கேப்பீங்க. ஆகாது. 2009 செப்டம்பர் 30ல தேக்கடியில கவுந்து 45 பேர் செத்த 'ஜலகன்யகா' கேரள அரசோட சுற்றுலாக் கழகப் படகு. கரையில மிருகத்தைப் பாக்க எல்லாரும் ஒரு பக்கமா நகர்ந்ததா அப்ப சொன்னாங்க. 2023 மே 7ல தானூர்ல தனியார் படகு, மீன்பிடிப் படகை மாத்திக் கட்டினது, ஏத்த வேண்டியதைவிட ஜாஸ்தி ஆள், இருட்டின நேரம். அங்கயும் 22 பேர். அரசாங்கமா தனியாரா, லைசென்ஸ் இருக்கா இல்லையாங்கறதெல்லாம் ரெண்டாவது. எத்தனை தலை ஏறுதுன்னு கரையில நின்னு எண்ண ஒருத்தர் வேணும், அவருக்கு எண்ணறதுல அக்கறை இருக்கணும். தேக்கடியில அப்படி ஒரு விபத்துக்கு அப்புறமும் படகு நிக்கலை, ஜாக்கெட் கட்டாயத்தோட ஓடுது. நம்ம பிச்சாவரத்துல உள்ளூர் ஆளுங்க துடுப்புப் போட்டுத்தான் சுரபுன்னைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க. முட்டுக்காட்டுல முடியுது, பிச்சாவரத்துல முடியுது, பழவேற்காட்டுல மட்டும் என்ன?

கரையில எண்ணறதுக்கு ஆள் எங்க போறதுன்னு தேட வேண்டாம். பழவேற்காட்டுல அதுக்குன்னே தலைமுறை தலைமுறையா ஒரு முறை இருக்கு. பேரு 'பாடு'. ஏரியில இறால் நல்லா விழற இடங்கள் கொஞ்சம்தான். அங்க யார் வலை போடறதுன்னு அடிச்சுக்காம இருக்க, சீட்டுக் குலுக்கி, முறை வச்சு, ஊர் ஊரா, தலைக்கட்டு தலைக்கட்டா பிரிச்சுக்கறாங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம்னு இந்த ஊர்கள் பாடு முறைக்காகவே ஆராய்ச்சிக்காரங்க வந்து எழுதிட்டுப் போன ஊர்கள். இன்னிக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. முறை தப்பினா ஊர்ப் பஞ்சாயத்து கேக்கும். எந்த சாஃப்ட்வேரும் இல்லாம ஓடற டோக்கன் சிஸ்டம். (நாங்க ஆபீஸ்ல மீட்டிங் ரூம் புக் பண்ணவே மூணு மாசம் அடிச்சுக்கிட்டோம்.)

இதையே சவாரிக்கு வச்சா என்ன? இன்னிக்கு இந்த ஊரோட பத்துப் படகு, நாளைக்கு அடுத்த ஊரோட பத்து. ஒரு படகுக்கு ஆறு பேர். ஜாக்கெட் ஊர்ப் பொதுவுல, கரையிலயே. வலையில தப்பு செஞ்சா முறை போகுமே, அதே மாதிரி ஏழாவது ஆளை ஏத்தினவருக்கு மாசம் பூரா முறை கிடையாது. இதை வெளியூர் இன்ஸ்பெக்டர் சொன்னா வேற, கூடவே கடலுக்குப் போற பங்காளி சொன்னா வேற. முகத்துவாரம் பக்கம் சவாரி அறவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில கூடாது, அதாவது எங்களை மாதிரி கூதிர்ல வந்து நிக்கற கோஷ்டிக்கு அப்பவும் படகு கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். மார்கழி, தையில வரட்டும். இஞ்சின் இல்லாம கழி போட்டுத் தள்ளற படகா இருந்தா பறவைக்கும் நல்லது. மோட்டார் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறக்கறதை 'வாவ்'னு ரீல் எடுத்துப் போடறாங்க. அது சாப்பிட்டுக்கிட்டு இருந்த தட்டைப் புடுங்கினதுக்கு சமம்னு யாராவது அவங்களுக்கு சொல்லுங்கப்பா. அதுவும் இது பறவைகள் சரணாலயம்.

பாடு முறையை நான் ரொம்பத் தூக்கி வைக்கறதா நினைக்க வேண்டாம். அதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. பாடு பட்டினவர் ஊர்களுக்குள்ளதான். அதே ஏரியில வலையும் படகும் இல்லாம, இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சேத்துக்குள்ள கைவிட்டுத் தடவி இறால் புடிக்கற இருளர் பெண்கள் இருக்காங்க. பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் தேடுவாங்க. அவங்களுக்கும், இன்னும் பாடு இல்லாத மத்த ஜனங்களுக்கும் இந்த முறையில இடம் இல்லை. இதுக்காகச் சண்டை நடந்திருக்கு. சவாரின்னு புதுசா ஒரு வருமானத்தைத் திறந்தா, அதையும் அதே பழைய வேலிக்குள்ள வச்சுக் கட்டிடக் கூடாது. புது வருமானம், அதனால முதல் நாளே எல்லாருக்கும் முறை வச்சுடறது சுலபம், பிற்பாடு சேக்கறது கஷ்டம். அந்த ஏரியோட அடியை இருளர் பெண்கள் அளவுக்கு விரலால தெரிஞ்சவங்க யாரு? எங்க சேறு, எங்க மணல், எந்தக் குழியில நண்டுன்னு அவங்க காட்டினா நான் ஆயிரத்து ஐநூறு என்ன, அதுக்கு மேலயும் குடுப்பேன்.

இன்னொரு பயமும் இருக்கு, அது நியாயமான பயம். "படகைத் திறந்தா பின்னாடியே ரிசார்ட் வரும், கரையை வளைப்பான், கடைசியில மீனவன் செக்யூரிட்டி யூனிபார்ம் போட்டு கேட்ல நிப்பான்." கிழக்குக் கடற்கரைச் சாலையில நடந்ததைப் பாத்தவங்க இதை லேசா ஒதுக்க முடியாது. அதனாலதான் ஊர்க் கையில குடுங்கங்கறேன், டெண்டர் விடாதீங்க. டெண்டர் விட்டா நாலு மாசத்துல ஒரு கான்ட்ராக்டர் வருவார், வாழைப்பழப் படகு வரும், ஸ்பீக்கர் வரும். அதுக்கு இப்ப இருக்கற தடையே தேவலை.

அதே மாதிரி, "மீன் போனா என்ன, டூரிசம்ல பொழைச்சுக்கலாம்"னு சொல்ற கோஷ்டிக்கும் நான் ஆள் இல்லை. பத்துப் படகுக்கு முறை வச்சா ஒரு குடும்பத்துக்கு மாசத்துல ரெண்டு மூணு நாள் வரும். அது கைச்செலவு. சோறு மீன்லதான். முகத்துவாரம் திறந்திருக்கணும், தெற்கேர்ந்து வர்றது ஏரியை முழுங்காம இருக்கணும். அதைப் பேசாம படகை மட்டும் பேசினா, நானும் கரையில ரேட்டு பேசினவங்கள்ல ஒருத்தன், அவ்ளோதான்.

பாஸ்டன்காரன் ஊருக்குப் போயிட்டான். பூநாரை போட்டோவைத்தான் அங்க எல்லாருக்கும் அனுப்பினானாம். இதைப் படிச்சா அவன் கண்டிப்பா சண்டைக்கு வருவான், வரட்டும். வடசென்னை, பொன்னேரிப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா நீங்களும் வாங்க. எனக்குத் தெரியாத கரை விவகாரம் நிறைய உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பின்னூட்டத்துல போட்டு உடைங்க.

பி.கு: போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பூநாரை பாக்கப் படகே தேவையில்லை. சூலூர்ப்பேட்டை - ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுல வண்டியை ஓரமா நிறுத்தி, ஒரு பைனாகுலர் இருந்தா போதும். காலைல சீக்கிரம் போங்க. அப்புறம், பழவேற்காட்டுல இறாலும் நண்டும் கரையில கூடை வச்சு உக்காந்திருக்கற அம்மாக்கள்கிட்டயே வாங்குங்க. ஐஸ் பெட்டி நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. எங்க கார்ல இன்னும் நண்டு வாசனை போகலை.